165 ஆர் 15 டயர் நான்கு: யாரிடம் விற்பது?

என் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கிடந்த 165 ஆர் 15 அளவு ரேடியல் டயர்கள் நான்கும் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான, 35 ஆண்டுகளைக் கடந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள்களே சாலையில் இறக்க முடியும் என்பதால், சிங்கப்பூர் வெயிலில் ரப்பர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. ஆரம்பகாலத் தோற்றம் வேண்டுமென்று ரேடியலுக்கு முந்தைய வகையான 5.60-15 அளவு கிராஸ்பிளை டயர்களுக்கு மாறிய பிறகு, கழற்றியவற்றை விற்க மூன்று வழிகளைப் பார்த்தேன்.

டயர் மாற்றிய பட்டறையிலேயே விட்டுவிடுவது முதல் வழி. தூக்கிச் சுமக்க வேண்டாம் என்பதைத் தவிர அதில் லாபம் ஒன்றுமில்லை. நான்குக்கும் சேர்த்து 60 வெள்ளி என்றார்கள். கேட்டு வருவோர் அரிதான அளவை வாங்கி அடுக்கி வைத்தால் அவர்களுக்கும் இடம்தானே நட்டம்.

கேரொசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் பார்வையாளர்கள் அதிகம், ஆனால் விளக்கம் சொல்லியே நாள் போய்விடும். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்னும் தயாரிப்புக் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்கள்தாம் அதன் வயது. 1422 என்றால் 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். என் டயர்களில் அது இருந்த பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டிருந்ததால், சக்கரத்தில் இருந்தவரை கண்ணில் படவே இல்லை. ஆகவே நான்கின் குறியீடுகளையும், ஆழமானியை வைத்து அளந்த 7 மில்லிமீட்டர் பள்ளத்தையும், கட்டைவிரலால் அழுத்தியும் வெடிப்பு தெரியாத பக்கச்சுவரையும் அருகிலிருந்து படமெடுத்துப் போட்டேன். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும் என்றாலும், பழைய வண்டிக்காரர்கள் முதலில் பார்ப்பது ஆழத்தை அன்று, வயதைத்தான். இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர், பின்னால் கிராஸ்பிளையை வைத்துக்கொண்டு முன்னால் போடுவதற்கு இரண்டு மட்டும் கேட்டார். அப்படி மாட்டினால் வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் போகும் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

கிளாசிக் கார் உரிமையாளர்களின் வட்டத்தில் இந்தப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டயரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே டியூப் போட்டு ஓட்டினீர்களா என்றுதான் கேட்பார்கள். விலையும் பட்டறையைவிடப் பல மடங்கு நியாயமாக அமையும். குறை ஒன்றுதான்: அந்த அளவு தேவைப்படுகிற ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அதுவரை நான்கு டயர்களை வைக்க, நெருக்கடிக்காலப் பாதுகாப்பு அறையைத் தவிர இடமில்லை. கதவைத் திறந்தாலே ரப்பர் வாடை. ரிம் இல்லாத டயர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை சற்று உருட்டிவிட வேண்டிய வேலையும் உண்டு.

என் தேர்வு வட்டமே. இரண்டு மாதத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால், நான்கையும் ஒரே தொகுப்பாகக் கேரொசலில் விலை குறைத்துப் போடுவேன். பட்டறையின் 60 வெள்ளி அதற்கும் அப்புறம்தான்.