கொதிக்கிற சாம்பாருக்கு டப்பா வாங்கிய கடை

திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். தினம் 40 பார்சல். போன மாதம் வரை வாங்கிய கடையின் டப்பா, சூடான ரசத்தை ஊற்றினால் இடுப்பு வளைந்து நிற்கும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் ஒருவர் ரசத்தில் பிளாஸ்டிக் வாடை வருகிறது என்று சொன்ன அன்று மனசு கேட்கவில்லை. கடையில் போய்க் கேட்டால், "ஃபுட் கிரேடுதான் அக்கா, அடியில பாருங்க" என்று பதில். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. அது பாலிப்ரொப்பிலீன் என்பதற்கான எண். இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லும், சோதித்தார்களா என்று சொல்லாது.

காந்தி மார்க்கெட் பக்கம் இருக்கிற இந்தக் கடைக்கு அப்படித்தான் வந்தேன். டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதும் தம்பி முகம் சுளிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் முதலில் வாட்ஸப்பில் வந்த ரிப்போர்ட்டைப் படித்தால், தண்ணீரை ஊற்றி 40 டிகிரியில் 10 நாள் வைத்துச் சோதித்தது. ஊறவைத்த அரிசிக்கு வேண்டுமானால் அது சரி. என் வத்தக்குழம்பில் புளியும் இருக்கிறது, மேலே நல்லெண்ணெயும் மிதக்கிறது.

டப்பாவிலிருந்து சாப்பாட்டுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிற இந்தச் சோதனைக்கு ஐ.எஸ். 9845 என்று ஓர் இந்தியத் தரநிலை உண்டு. குழம்பையே ஊற்றிச் சோதிக்க மாட்டார்கள். புளிப்புக்குப் பதில் 3 சதவீத அசெட்டிக் அமிலம், எண்ணெய்க்குப் பதில் ஹெப்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுத் திரவம். அதைக் குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரம் டப்பாவோடு வைத்திருந்து, பிறகு முழுக்க வற்றவிட்டு, அடியில் தங்கியதை எடை போடுவார்கள். கஷாயம் வற்றவைக்கிற மாதிரிதான். எண்ணெய் வற்றாது, ஹெப்டேன் வற்றும், அதனால்தான் அந்த மாற்று. தங்குவது ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிறம் போட்ட டப்பா என்றால் கூடுதலாக ஒன்று: நிறம் நீக்கிய தேங்காய் எண்ணெயில் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சாயம் இறங்கக் கூடாது. (என் சாம்பாரின் மஞ்சள் டப்பாவில் ஏறுவதைப் பற்றி யாரும் தரநிலை எழுதவில்லை.)

இதையெல்லாம் சொல்லி, புளிப்புக்கும் எண்ணெய்க்கும் உள்ள ரிப்போர்ட் வேண்டும் என்றேன். தம்பி தயாரிப்பாளருக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் வந்தது. அமிலத்தில் 70 டிகிரி, 2 மணி நேரம். தங்கிய எடை கிலோவுக்கு 8 மில்லிகிராம். ஹெப்டேனில் 21. இரண்டுமே வரம்புக்கு வெகு கீழே. ஆய்வகத்துக்கு அங்கீகாரம் உண்டு என்று காட்டும் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தது, டப்பாவின் அளவும் நிறமும் நான் வாங்குவதோடு ஒத்துப்போயின. 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பேக்கேஜிங் விதிகள்படி, இந்தச் சான்றை வாங்கி வைத்திருக்க வேண்டியது சாப்பாடு விற்கிற நாம்தான். பிரிண்ட் எடுத்து லைசென்ஸ் ஃபைலில் வைத்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மூடிக்குத் தனி ரிப்போர்ட் கேட்டேன், "அதுவும் அதே மெட்டீரியல்தான் அக்கா" என்றார். ஆவி முழுக்க மூடியில்தானே அடிக்கிறது? இன்னும் வரவில்லை. 100 டிகிரியில் சோதித்த ரிப்போர்ட்டும் அவர்களிடம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் சாம்பாரை இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறேன். மதியம் 12 மணி அவசரத்தில் அந்தப் பத்து நிமிடம் எனக்குத்தான் தெரியும்.

விலை, பழைய கடையைவிட டப்பாவுக்கு 70 காசு அதிகம். நூறு எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் அதே விலை, பேரம் கிடையாது. டப்பா நெளியவில்லை, மூடி கச்சிதமாக உட்காருகிறது, பைக்கில் கொண்டுபோனாலும் ரசம் சிந்தவில்லை. கறுப்பு டப்பாவும் இருக்கிறது, பார்க்க அழகுதான். அதற்குச் சாய ரிப்போர்ட் இல்லாததால் நான் வெள்ளையே எடுத்தேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மூடி ரிப்போர்ட் வந்தால் ஐந்தாவதையும் போட்டுவிடுகிறேன். போகிறவர்கள் காலை 10 மணிக்கு முன்னால் போங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.