யாருக்கு என்று கேட்கும் கடை: சிறு பொட்டிக்குகளில் பரிசு வாங்கிய அனுபவம்

என்னுடன் பல ஆண்டுகள் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் பணி ஓய்வு பெற்றபோது, அலுவலகத்தினர் அனைவரின் சார்பிலும் பரிசு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரிய அங்காடி ஒன்றில் ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். இரண்டு இரவுகள் இணையத்தில் தேடினேன். பார்த்த பொருட்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன, ஆனால் அவற்றில் எதையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்பதுதான் என்னைத் தயங்க வைத்தது. அதற்குப் பிறகுதான், உரிமையாளரே பொருட்களைத் தேர்ந்தெடுத்து, தாமே நின்று நடத்தும் பொட்டிக் எனப்படும் சிறு கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். வீட்டின் முன்னறை அளவே இருந்த அந்தக் கடையில் என்னை வரவேற்ற பெண்மணி, எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்று தொடங்கவில்லை. “ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. சற்று நேரம் யோசித்த பிறகு, கணினி வந்து இத்தனை காலம் ஆகியும் அவர் எல்லாவற்றையும் கையால் குறித்துவைப்பவர் என்பதும், எழுதத் தொடங்கும் முன் நோட்டின் நடுப்பகுதியை உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை அழுத்தித் தட்டையாக்குவார் என்பதும் நினைவுக்கு வந்தன. அதைச் சொன்னதும் அவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, நடுவில் விரித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தாள்களைக் கொத்துக் கொத்தாக மடித்து, ஒவ்வொரு கொத்தையும் மடிப்பின் வழியே நூலால் தைத்துக் கட்டிய குறிப்பேடு அது. எந்தப் பக்கத்தில் விரித்தாலும் யாரும் பிடிக்காமலே விரிந்து கிடக்கும். முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டிய நோட்டுகள் அப்படி விரிவதில்லை என்பதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.

அதன் பிறகு, நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிசு தேவைப்படும்போதெல்லாம் இத்தகைய கடைகளையே முதலில் நாடத் தொடங்கினேன். இதுவரை ஆறேழு கடைகளில் வாங்கியிருக்கிறேன். நான் இங்கே எழுதுவது ஏதோ ஒரு கடையைப் பற்றி அன்று. பரிசு வாங்கித் தரும் இடம் என்ற வகையில் இந்தச் சிறு கடைகள் எதில் சிறக்கின்றன, எதில் நம்மைக் கைவிடுகின்றன என்பதைப் பற்றி.

ஒருவருக்காக இன்னொருவர் தேர்ந்தெடுக்கும்போது தவறு நேர்வது எவ்வளவு இயல்பு என்பதற்குப் பொருளியலில் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு. 1993இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியான கட்டுரையில், பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், விழாக்காலத்தில் தங்களுக்கு வந்த பரிசுகளுக்கு, தந்தவர்மேல் உள்ள பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல், தாங்களே எவ்வளவு கொடுக்க முன்வருவார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்தார். கொடுத்தவர் செலவழித்த தொகையில் ஏறத்தாழ 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவரின் மதிப்பில் காணாமல் போயிருந்தது. நண்பர்கள் தந்த பரிசில் இழப்பு குறைவாகவும், வயதில் தள்ளியிருந்த உறவினர்கள் தந்ததில் அதிகமாகவும் இருந்தது என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாசம் குறைந்ததால் அந்த இழப்பு வரவில்லை. பெறுபவரின் அன்றாடம் கொடுப்பவருக்குத் தெரியாததால் வந்தது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். நல்ல பொட்டிக் உரிமையாளர் அந்த இடைவெளியில்தான் உதவுகிறார். நமக்கு ஏற்கெனவே தெரிந்தும் நினைவில் மேலெழாமல் கிடக்கும் ஒரு செய்தியை அவருடைய கேள்வி வெளியே எடுத்துவிடுகிறது.

ஆகவே, பெறுபவர் தமக்கு இன்னதுதான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கடைகளுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. அவர் சொன்ன பொருளை, அது எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கிக் கொடுப்பதே மரியாதை. குறிப்பிட்ட மாதிரிக் கைப்பேசியைக் கேட்டவருக்குக் கைவினைக் குவளையைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் ரசனையை அவர்மேல் சுமத்துவதாகும்.

சிறு கடையின் தேர்வை நான் நம்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இத்தகைய கடைக்குள் சரக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, உரிமையாளர் தம் பணத்தைப் போட்டு மொத்த விலைக்கு வாங்கிவைப்பது; மற்றொன்று, செய்பவர் பொருளைக் கடையில் விட்டுச்செல்ல, அது விற்ற பிறகு இருவரும் பங்கு பிரித்துக்கொள்வது. முதல் வழியில் வாங்கிய பொருளை மொத்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்குக்கு விற்பது உலகெங்கும் சில்லறை வணிகத்தில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அந்தக் கூடுதல் பாதியைப் பார்த்துச் சிலர் கொள்ளை என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. வாடகையும் சம்பளமும் விற்காமல் தங்கிப்போகும் பொருட்களின் நட்டமும் அதற்குள்தான் அடங்குகின்றன. ஒரு தட்டில் பத்துப் பொருட்களே வைக்க முடிகிற கடையில், விற்காத ஒரு பொருள் மாதக்கணக்கில் பத்தில் ஒரு பங்கு இடத்தையும் முதலையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் அந்தப் பத்தில் ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினோம் என்று உரிமையாளரால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். கையில் எடுத்த பொருளைக் காட்டி “இதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டால், சிலர் செய்பவர் எங்கிருக்கிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை சரக்கு கொண்டுவருவார், போன முறை வந்ததற்கும் இதற்கும் நிறத்தில் ஏன் வேறுபாடு என்பது வரை நிறுத்தாமல் சொல்வார்கள். வேறு சிலர் “எல்லாம் கைவேலைதான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்த இரண்டாவது பதிலைக் கேட்டால் எச்சரிக்கையாகிவிடுகிறேன். கடை உள்ளூர்க்காரருடையது என்பதால் கடைக்குள் இருப்பதெல்லாம் உள்ளூரில் செய்தது என்று ஆகிவிடாது. மொத்த வியாபாரிகளின் பட்டியலிலிருந்து வரவழைத்த அதே மெழுகுவர்த்தியையும் அதே சாவிக்கொத்தையும், வெவ்வேறு சணல் கயிறு கட்டி, மூன்று கடைகளில் நான் பார்த்திருக்கிறேன். அப்படி விற்பதில் பிழையில்லை. அதைக் கைவினை என்று சொல்லி விற்பதில்தான் பிழை. நாம் கொடுக்கிற கூடுதல் பணம் தேர்ந்தெடுத்த கண்ணுக்குப் போகிறதா, செய்த கைக்குப் போகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

பொருளையே பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளவும் முடியும். வெள்ளி நகை என்றால் 925 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்பது அதன் பொருள். சூடேற்றாமல் செய்யும் கைவினை சோப்பு என்றால், ஊற்றிய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் உலர்ந்து இறுக வேண்டும், ஆகவே எப்போது ஊற்றியது என்று கேட்பது நியாயமான கேள்வி.

நான் அதிகம் வாங்கிய, அதிகம் ஏமாந்த பொருள் மண்பாண்டக் குவளைகள். அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குவளையைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசாத ஒரு வளையம் தெரியும்; சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். குவளை எந்த மண்ணால் ஆனது, எவ்வளவு இறுகச் சுட்டது என்பதை அந்த வளையம்தான் காட்டிக்கொடுக்கும். ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுட்ட கல்பாண்டத்தில் மண் உருகி இறுகிவிடுவதால் தண்ணீர் ஊறாது. அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்பாண்டம் நுண்துளைகளோடு இருப்பதால், மெருகு மட்டுமே அதைக் காக்கிறது. உள்மண்ணும் மேல்மெருகும் சூடு ஆறும்போது ஒரே அளவில் சுருங்கவில்லையென்றால் மெருகில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் விழும். அலங்காரத் தட்டில் அது அழகு, சூடான பானம் ஊற்றும் குவளையில் அது குறை. விரல்நுனியால் அந்த அடிவளையத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டால், தாம் விற்கும் பொருளை அறிந்த கடைக்காரர் யாரும் மறுத்ததில்லை. துளி அப்படியே நின்றால் நல்ல பாண்டம். சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் அன்றாடப் புழக்கத்துக்கு உகந்ததில்லை.

இதையெல்லாம் நான் அனுபவப்பட்டே கற்றேன். புது வீட்டுக்குக் குடிபோன தோழிக்கு வாங்கிக் கொடுத்த ஒரு ஜோடிக் குவளைகளில் ஒன்று, இரண்டே வாரத்தில் மேசைமேல் ஈர வட்டம் விடத் தொடங்கியது. தோழி அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குப் போனபோது நானாகத்தான் பார்த்தேன். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், பணமும் தர முடியாது, மாற்றியும் தர முடியாது, மூன்று மாதத்துக்குள் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சீட்டு வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். கடைக்குள் நுழைந்தபோது காட்டிய அக்கறை அந்த ஒரு நிமிடத்தில் காணாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பரிசுப் பொருளில் இந்தப் பிழை இரட்டிப்பாகக் காயப்படுத்துகிறது, ஏனென்றால் குறையுள்ள பொருளோடு வாழ வேண்டியவர் வேறு, அதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் வேறு.

இத்தகைய கடைகளின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 1852இல் பாரிஸின் லெ பொன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிகோ, பேரம் இல்லாத நிலையான விலையையும் பிடிக்காத பொருளைத் திருப்பித் தரும் வசதியையும் தம் வணிகத்தின் அடிப்படையாக்கினார். பெரிய அங்காடிகள் மக்களின் நம்பிக்கையைப் பெற்றதில் அந்த வசதிக்குப் பெரும் பங்கு உண்டு. திரும்பி வரும் ஒவ்வொரு பொருளும் சிறு கடையின் ஒரு நாள் வரும்படியையே விழுங்கிவிடலாம் என்பதை நான் உணர்கிறேன். மனம் மாறியதற்காகத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் குறையுள்ள பொருளை மாற்றித் தருவதும், பெறுபவர் கையிலிருக்க விலை குறிப்பிடாத ஒரு ரசீதைப் பொட்டலத்துக்குள் வைத்துத் தருவதும் எந்த அளவுக் கடையாலும் இயலக்கூடியவை. நான் வாங்கிய கடைகளில் இரண்டு மட்டுமே கேட்காமலே அந்த ரசீதை வைத்துத் தந்தன. இப்போதெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே மாற்றும் விதியை ரசீதின் பின்புறம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். எழுதித் தரத் தயங்கும் இடத்தில், எளிதில் கெடாத, அளவு பார்க்கத் தேவையில்லாத பொருளை மட்டுமே வாங்குகிறேன். உடை, காலணி, மோதிரம் போன்றவற்றை இன்னொருவருக்காக அங்கே வாங்குவதை அறவே விட்டுவிட்டேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடைக்காரர் அரை மணி நேரம் நமக்காகச் செலவிட்ட பிறகு வெறுங்கையோடு வெளியே வருவது மனத்துக்குக் கடினமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தால் வாங்கிய ஒரு மேசைவிரிப்பு இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாமல் என் அலமாரியில் இருக்கிறது. “இன்று பார்க்க மட்டுமே வந்தேன், முடிவெடுக்க இரண்டு நாளாகும்” என்று நுழைந்தவுடனே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. அப்படிச் சொன்ன ஒரு கடையில், நான் கேட்காமலே பொருளின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். அந்தக் கடைக்கு நான்கு முறை திரும்பப் போயிருக்கிறேன்.

பரிசைச் சுற்றித் தருவதில் பெரும்பாலான சிறு கடைகள் அங்காடிகளைவிடப் பல படி மேலானவை, அதற்குத் தனிக் கட்டணமும் அரிதாகவே கேட்கிறார்கள். ஆனால் உடையும் பொருளுக்கு அழகிய தாள் போதாது. தொலைவுக்கு அனுப்புவதாக இருந்தால் கெட்டியான பெட்டி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விழாவுக்கு முந்தைய வாரத்தில் இந்தக் கடைகளுக்குப் போனால், நான் இங்கே பாராட்டிய எதுவும் கிடைக்காது. கூட்டத்துக்கு நடுவில் உரிமையாளரால் கேள்வி கேட்க முடியாது, நல்ல பொருட்களும் ஒன்றிரண்டே இருந்து போயிருக்கும், தீர்ந்ததைச் செய்பவரிடமிருந்து உடனே வரவழைக்கவும் முடியாது. பெயர் பொறிப்பதோ குறிப்பிட்ட நிறத்தில் செய்வதோ வேண்டுமென்றால் கல்பாண்டத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் தேவைப்படும். வனைந்ததை உலர்த்த வேண்டும், ஒருமுறை சுட வேண்டும், மெருகு பூசி மறுபடி சுட வேண்டும், அதோடு சூளை நிறையும் வரை காத்திருக்கவும் வேண்டும். அடுத்த பரிசுக்கு எனக்கு ஏழு வாரம் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை விற்ற பெண்மணியின் கடைக்கு வார நாளின் காலையில், கடை திறந்த சற்று நேரத்துக்குள், பெறுபவரைப் பற்றி நான் கவனித்துவைத்த மூன்று நான்கு செய்திகளோடு போவதாக இருக்கிறேன்.