கீசர் வெப்பநிலை: 50 டிகிரியா, 60 டிகிரியா?

15 லிட்டர் கீசர், தொட்டித் தண்ணீர் 28 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீசரை 60இல் வைத்தால் அந்த 15 லிட்டரோடு 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவலாம். இரண்டு பேருக்குப் போதும். 50இல் வைத்தால் மொத்தமே 27 லிட்டர் சொச்சம்தான். கீசருக்குள் குளிர்ந்த நீர் புகுந்து கலப்பதால் நடைமுறையில் இரண்டுமே கொஞ்சம் குறையும்.

ஆனால் 60 டிகிரி வெந்நீர் ஐந்தாறு விநாடியில் பெரியவர் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும்; 50இல் அதற்குச் சில நிமிடம் ஆகும். குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், 50தான். எப்படியும் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடியுங்கள்.

போர் தண்ணீருக்கும் 50தான் நல்லது. சூடு ஏற ஏறக் காயிலில் உப்பு வேகமாகப் படியும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் காயிலே எரிந்துபோகும்.

60 ஜெயிப்பது கிருமி விஷயத்தில். லெஜியோனெல்லா பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் பெருகும். 60இல் அரை மணி நேரத்துக்குள் செத்துவிடும், 50இல் பல மணி நேரம் தாங்கும். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒருமுறை 60க்கு ஏற்றி, அரை மணி நேரம் விட்டுப் பிறகு குறையுங்கள்.

பல கீசர்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் எண்ணே இருக்காது. விளக்கு அணைந்ததும் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, சமையல் தெர்மாமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். திருகு மூடிக்குள் இருந்தால், மெயினை அணைத்த பிறகே கழற்றவும்.