ஷியர் வால் என்றார்கள், லிஃப்ட் குழியில் செங்கல் சுவர்! ரூ.6,80,000 போச்சு

நேற்று மாலை சைட்டிலிருந்து வந்ததிலிருந்து கை நடுங்குகிறது. அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்த ரூ.6,80,000. பதினோரு ஆண்டுச் சேமிப்பு.

சென்னைப் புறநகரில் கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி என்று கட்டும் சிறு நிறுவனம் அது. மார்ச்சில் அவர்கள் அலுவலகத்துக்கு அம்மாவுடன் போனேன். மேஜையில் இருந்த கட்டட மாதிரியில் லிஃப்ட் குழியை விரலால் சுற்றிக் காட்டி, உரிமையாளர் அம்மாவிடம் சொன்னார்: “இங்கே அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஷியர் வால், அம்மா. பூகம்பமே வந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.” ஷியர் வால் என்றால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும், கம்பி போட்ட கான்கிரீட் சுவர். அந்தச் சொல்லுக்குத்தான் மயங்கினேன்.

காரணம் உண்டு. 2001 ஜனவரி 26 அன்று நான் அகமதாபாத்தில் இருந்தேன். நிலநடுக்கத்தின் மையம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், கட்ச் பகுதியில். ஆனாலும் தரைத்தளத்தை வெறும் தூண்களாக விட்ட அடுக்குமாடிகள் நொறுங்கின. மேல்தளங்களைச் செங்கல் சுவர்கள் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, ஆட்டம் முழுவதும் கீழ்த்தூண்களில் விழுந்தது. அதைத் தாங்கத்தான் கீழிருந்து மேல்வரை விடாமல் செல்லும் கான்கிரீட் சுவர் வேண்டும்.

நேற்று, பூச்சு வேலைக்கு முன், சிவில் பொறியாளரான அக்காள் மகனுடன் போய் லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்தேன். நான்கு மூலையிலும் தூண், இடையில் செங்கல். சாந்து வழிந்து காய்ந்திருந்தது. இன்னும் கான்கிரீட் போடாத மேல்தளத் தூண்களில், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கி, ஆட்டத்தில் கழலாமலிருக்க 135 டிகிரி உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டுமாம். வெறும் 90 டிகிரியில் நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

தொலைபேசியில் முதலில் “சார் ஊரில் இல்லை” என்றார்கள். பிறகு “டிசைன் மாறிவிட்டது.” வரைபடம் கேட்டால் “அலுவலக ஆவணம்.” பணத்தைக் கேட்டால் “ரசீதின் பின்பக்கம் படியுங்கள்”; முன்பணம் திரும்பாது என்று எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. கடைசியில், “சென்னையில் எப்போது சார் பூகம்பம் வந்தது?” அதே 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் வந்த அதிர்வில் சென்னை ஆடியதை மறந்துவிட்டார்களா? 2002-லேயே சென்னையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்தார்களே!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. பணம் கட்டுமுன் கட்டமைப்பு வரைபடத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். பூச்சுக்கு முன் பொறியாளரை அழைத்துப் போய்ப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்ட விரோதம். 62 லட்ச ரூபாய் வீட்டுக்கு நான் கொடுத்தது ரூ.6,80,000. நேற்றிரவுதான் இதையே அறிந்தேன்.

திங்கட்கிழமை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.