சின்சில்லாவுக்கு வீல் வாங்கப் போறீங்களா? பல வருஷம் ஓடவிட்டுப் பாத்த அனுபவம்

சின்சில்லாங்கிறது அடர்த்தியான மெத்து மெத்து முடியோட இருக்குற, கொறிக்கிற சின்னப் பிராணி. அது கூண்டுக்குள்ள ஏறி ஓடுறதுக்கு வைக்கிற சக்கரத்ததான் வீல்னு சொல்றேன். வீல் வாங்கணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "சத்தம் வருமா"ன்னுதான். கேள்வி நியாயமானதுதான், நம்ம படுக்கப் போற நேரத்துலதான் இதுங்க எழுந்து ஓட ஆரம்பிக்கும். ஆனா எங்க வீட்டு ரெண்டு சின்சில்லா பசங்க, உருண்டையும் சில்லுவும், பல வருஷமா வெவ்வேற வீல்ல ஓடுறத பக்கத்துலேர்ந்து பாத்துட்டு வர்றேன், என்னைக் கேட்டா சத்தம் கடைசியா பாக்க வேண்டிய விஷயம். முதல்ல பாக்க வேண்டியது முதுகு. ஓடும்போது அதோட முதுகு நேரா இருக்கா, இல்ல பின்பக்கமா வளைஞ்சு தலைய அண்ணாந்துட்டு ஓடுதா, அதுலயே வீல் சரியா தப்பான்னு பாதி தெரிஞ்சிடும்.

ஹாம்ஸ்டர் வீலையே கொஞ்சம் பெருசு பண்ணா சின்சில்லாவுக்கு ஆயிடும்னு நினைக்காதீங்க. வளர்ந்த சின்சில்லா சாதாரணமா 400லேர்ந்து 600 கிராம் இருக்கும், சிலது அதையும் தாண்டும், உக்காந்திருக்கப்ப உருண்டையா தெரியுறதால சின்ன வீலே போதும்னு தோணும், ஆனா ஓட ஆரம்பிச்சதும் உடம்ப அப்படியே நீட்டிப் பாயும் பாருங்க, அப்பதான் எவ்ளோ நீளம்னு புரியும். அந்த நீளத்துக்கு விட்டம் குறைஞ்சது 15 இன்ச் வேணும், அதாவது 38 சென்டிமீட்டர். 12 இன்ச் வீல் மேலயே சின்சில்லா படம் போட்டு விக்கிறாங்க, பெட்டியில என்ன படம் இருந்தாலும் அது வளர்ந்த சின்சில்லாவுக்குப் பத்தாது. இன்னொன்னு, சில வீல்ல சொல்ற அளவு வெளிப்பக்க அளவு, ஓடுற தளத்தோட உள் அளவு அதை விடக் குறைவா இருக்கும், டேப் வச்சு உள்பக்கம் அளந்து பாருங்க. ஓடுற தளத்தோட அகலமும் முக்கியம், ரொம்ப ஒடுக்கமா இருந்தா பின்னங்கால் ஓரத்துல போய் மிதிக்கும்.

இதைக் கண்ணால பாத்து முடிவு பண்றது கஷ்டம், அவ்ளோ வேகமா ஓடும். நான் போன்ல ஸ்லோ மோஷன் வச்சு சரியா பக்கவாட்டுலேர்ந்து வீடியோ எடுப்பேன். கழுத்துலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஒரு கோடு மாதிரி போகணும், இல்ல லேசா மேல் பக்கம் வளைஞ்சிருக்கணும், நடுவுல பள்ளமா இறங்கினா அந்த வீல் வேண்டாம். கூண்டோட சேத்து வந்த பிளாஸ்டிக் வீல்ல சில்லு ஏறினப்ப எடுத்த வீடியோல அந்தப் பள்ளம் அப்படித் தெரிஞ்சுது, அன்னைக்கே அதைக் கழட்டியாச்சு.

சாய்வா வச்ச தட்டு மாதிரி இருக்குமே, ஃப்ளையிங் சாஸர், அதுவும் எங்ககிட்ட இருக்கு. அதுல முதுகு பின்னாடி வளையாதுங்கிறது உண்மை, ஆனா தட்டு சின்னதா இருந்தா உடம்பு ஒரு பக்கமாவே வளைஞ்சு ஓட வேண்டியிருக்கும், அதனால அதுலயும் 15 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். உருண்டைக்கு சாஸர்னா உயிரு. சில்லு அதுல ஏறினா நடுவுல நின்னுட்டு திடீர்னு குதிப்பான், தட்டு சுத்தி அவன வெளிய தள்ளிடும், அதனால அவனுக்கு நிமிர்ந்து நிக்கிற சாதா வீல்தான் செட் ஆச்சு. ரெண்டுல எது உசத்தின்னு பொதுவா சொல்ல முடியாதுங்க, ஆளப் பொறுத்தது.

இப்ப கால் விஷயத்துக்கு வர்றேன், இது கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா பெரிய ஆபத்து இங்கதான் இருக்கு. சின்சில்லாவோட பின்னங்கால்ல முழங்காலுக்குக் கீழ இருக்குற எலும்பு நீளமா, மெல்லிசா இருக்கும், சுத்தி சதை ரொம்பக் குறைவு. கம்பி வலையில கால் மாட்டி இந்த எலும்பு உடையுறது இதுங்ககிட்ட அடிக்கடி நடக்குற காயம். அதனால கம்பி கம்பியா ஏணி மாதிரி இருக்குற வீல், மெஷ் தளம் வச்ச வீல் ரெண்டுமே வேண்டாம், விட்டம் சரியா இருந்தாலும் வேண்டாம். கால் மாட்டாம தப்பிச்சாலும் தினமும் கம்பி மேல ஓடினா பாதத்துல புண்ணு வரும், அது ஆற ரொம்ப நாள் இழுக்கும். தளம் முழுசா மூடினதா இருக்கணும், லேசா சொரசொரப்பு இருந்தா இன்னும் நல்லது.

அதே மாதிரி நடுவுல போற ஆக்ஸில். வீலுக்குள்ள குறுக்க ராடு போச்சுன்னா ஓடும்போது முதுகுல இடிக்கும். முன்பக்கம் ஸ்டாண்டோட கால் நின்னு, வீலோட ஆரக்கம்பி அதைத் தாண்டி சுத்துற அமைப்பு அதைவிட மோசம், கத்தரிக்கோல் மாதிரி நடுவுல தலையோ காலோ வாலோ மாட்டிக்கும். முன்பக்கம் முழுசா திறந்து, பின்பக்கம் மட்டும் ஒரே ஒரு மையத்துல பிடிச்சு நிக்கிற வீலா பாருங்க. சின் ஸ்பின்னு சொல்ற 15 இன்ச் மெட்டல் வீல் சின்சில்லா வளக்குறவங்க நடுவுல பேர் வாங்கினது, அதோட அமைப்பு இப்படித்தான். அதேதான் வாங்கணும்னு இல்ல, அந்த அமைப்பு இருந்தா போதும்.

எந்தப் பொருள்ல பண்ணதுங்கிறதுல எனக்குத் தயக்கமே இல்ல, மெட்டல்தான். இதுங்க பல்லு வாழ்நாள் முழுக்க வளந்துட்டே இருக்கும், கடிக்கிறது அதுங்களோட வேலை. பிளாஸ்டிக் வீல்னா ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு உள்ள போகும், வாந்தி எடுக்கவும் இதுங்களால முடியாது, துண்டு குடல்ல அடைச்சா உயிருக்கே ஆபத்து. மர வீல் கடிச்சா பிரச்சினை இல்ல, பெயின்ட் வார்னிஷ் இல்லாத பாதுகாப்பான மரமா இருந்தா. ஆனா ஓடிட்டே மூத்திரம் போகும், அது மரத்துல ஊறிடும், கொஞ்ச மாசத்துல வாடை போகவே போகாது.

மெட்டலுக்கும் மூத்திரம்தான் எதிரி, அது வாங்கின புதுசுல தெரியாது, வருஷம் போகப் போகத்தான் தெரியும். தளமும் பின்தட்டும் சேர்ற மூலையில வெள்ளையா படியும், விட்டா மெட்டல அரிக்க ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவ வெள்ளை வினிகரும் தண்ணியும் கலந்து துணியில தொட்டு அந்த மூலையத் துடைச்சு, தண்ணியால கழுவி, நல்லா காயவச்சுதான் திரும்ப மாட்டுவேன். அப்படியே போல்ட்டையும் ஒரு முறுக்கு. ஓட ஓட அந்த அதிர்வுல நட் தானா லூஸ் ஆகும், வீல் லேசா ஆடினாலும் அன்னைக்கே டைட் பண்ணிடுங்க.

சத்தம். புது வீல் பெரும்பாலும் அமைதியாதான் சுத்தும். கொஞ்ச காலம் கழிச்சு கரகரன்னு வரும், காரணம் பேரிங்குக்குள்ள போற முடியும் டஸ்ட் பாத் பவுடரும், அதாவது இதுங்க தண்ணிக்குப் பதிலா புரண்டு குளிக்கிற மண் பவுடர். அந்தப் பவுடர் அவ்ளோ நைஸா இருக்கும், எங்க வேணா புகுந்துடும். டஸ்ட் பாத்த கூண்டுக்குள்ள வீல் பக்கத்துல வைக்காம வெளிய வச்சுக் குளிக்க விட ஆரம்பிச்சதுக்கப்புறம் எங்க வீல்ல பேரிங் ரொம்ப நாள் தாங்குது. வாங்கும்போதே மூடின பேரிங்கா, கழட்டி மாத்த முடியுமான்னு கேளுங்க. ஸ்கேட்போர்டு வீல்ல வர்ற 608 சைஸ்னா மாத்துறது ஈஸி, எங்க வேணா கிடைக்கும். எண்ணெய் ஸ்ப்ரே எதையும் கூண்டுக்குள்ள அடிக்காதீங்க, நக்கிடும். இன்னொரு விஷயம், வர்ற சத்தத்துல பாதி வீலோடதே இல்ல, கூண்டுக் கம்பி அதிர்ற சத்தம். கம்பிக்குப் பின்னாடி ஒரு மரப்பலகை வச்சு போல்ட்ட அதுல ஏத்தினதுல சத்தம் பெருசா குறைஞ்சிடுச்சு.

எல்லா சின்சில்லாவுக்கும் எப்பவும் வீல் சரிப்படாது. 6 மாசம் கூட ஆகாத குட்டிக்கு நான் வீல் வைக்க மாட்டேன், எலும்பு வளர்ற நேரம், வெயிட்டும் ஏறாது. சினையா இருக்குறதுக்கும் வேண்டாம். வளர்ந்ததுலயும் சிலது நிறுத்தாம ஓடும், சில்லு கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தான், கிச்சன் தராசுல வாராவாரம் எடை போட்டதுல இறங்கிட்டே வந்தது தெரிஞ்சுது, ராத்திரி சில மணி நேரம் மட்டும் வீல்ல விட்டு மிச்ச நேரம் பூட்டி வச்சதும் எடை திரும்ப வந்துடுச்சு. எடை குறைஞ்சா பல்லு பிரச்சினையாவும் இருக்கலாம், கால்நடை டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.

சூடு இதைவிட அவசரமான விஷயம். ஒரே மயிர்க்கால்லேர்ந்து 50க்கும் மேல முடி வளர்ற உடம்பு, வேர்க்கவும் வேர்க்காது. ரூம்ல 25 டிகிரி தாண்டினா எங்க வீட்டுல வீல் நிக்கும், அவங்க கத்தினாலும் நிக்கும். சின்சில்லாவ உள்ள போட்டு உருட்டிவிடுற பந்து மட்டும் எந்தக் காலத்துலயும் வாங்காதீங்க, காத்தே போகாம உள்ள சூடு ஏறிடும்.

ரெண்டு பேர் ஒரே கூண்டுல இருந்தா வீலுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளியப் பாருங்க. ஒருத்தன் ஓடும்போது இன்னொருத்தன் தலைய விடுற அளவு சந்து இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே வீல்ல ஏறினா ஒருத்தன் தூக்கி எறியப்படுவான், இடம் இருந்தா ரெண்டாவதா ஒன்னு வச்சிடுங்க.

கடைசியா, வீல் மாட்டின அன்னைக்கே ஏறலன்னு கவலைப்படாதீங்க, பிடிச்சு உள்ள வச்சு சுத்தியும் விடாதீங்க. உருண்டை பல வாரம் அதுல வெறுமனே உக்காந்துதான் இருந்தான், ஒருநாள் தானாவே ஓடினான். ஏறவே ஏறாத சின்சில்லாவும் உண்டு, அதுங்களுக்கு தினமும் வெளிய விட்டு ஓடவும் குதிக்கவும் பலகை வச்சுக் குடுத்தாலே போதும்.