பிடிபட்டவர் எங்கே இருக்கிறார்? எட்டு வருடம் தேடிப் பழகிய அனுபவம்

2017-இல் ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவனின் அம்மா வாசலில் வந்து நின்றார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவர். காலில் போட்ட பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், மூணு நாளாச்சு. பையனப் பிடிச்சிட்டாங்கன்னு அவன் கூட்டாளி சொல்றான். எந்த ஸ்டேஷன்னு அவனுக்கும் தெரியல. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன். எஸ்.பி.எம். ரிசல்ட்ட நீங்கதான அதுல பாத்துச் சொன்னீங்க?"

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. பரீட்சை முடிவு தெரிகிறது, சம்மன் பாக்கி தெரிகிறது, பிள்ளை எந்த லாக்கப்பில் இருக்கிறான் என்பது மட்டும் ஏன் தெரியக்கூடாது? அன்று அரை மணி நேரம் தேடிய பிறகுதான் எனக்கே புரிந்தது. மலேசியாவில் பெயரைத் தட்டினால் கைதி இருக்கும் இடத்தைச் சொல்லும் பொதுப் பக்கம் கிடையாது. அதற்குப் பிறகு இந்த எட்டு வருடத்தில் பல வீட்டுக்காகத் தேடியிருக்கிறேன், என் சொந்த வீட்டுக்காகவும் ஒரு முறை. எது உதவியது, எது காலை வாரியது என்று எழுதி வைத்தால் யாருக்காவது ஒரு நாள் அலைச்சலாவது மிச்சமாகும்.

முதலில் அந்த அம்மாவின் கதை. அவர் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் மகனின் பிறப்புப் பத்திரம், ஊசி அட்டை, அடையாள அட்டையின் நகல் ஒன்று. நாலாக மடித்த நகல். மடிப்பு சரியாக எண்ணின் மேலேயே விழுந்து, கடைசி நான்கு இலக்கத்தில் ஒன்று அழிந்துபோயிருந்தது. அது 3-ஆ 8-ஆ என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிறகு அவனுடைய பழைய பள்ளிப் பதிவேட்டைப் புரட்டித்தான் உறுதி செய்தேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஐசி நம்பர் சொல்லுங்க."

பெயரை நம்பி இறங்கினால் நம்மவர்களைத் தேடுவது பெரும்பாடு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரை அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தவர் கிராணியோ ஆஸ்பத்திரி குமாஸ்தாவோ. ஒரே வீட்டில் அண்ணன் சான்றிதழில் அப்பா பெயர் 'முனியாண்டி' ஆங்கில எழுத்து ஐயில் முடியும், தம்பி சான்றிதழில் ஒய்யில் முடியும். சுப்பிரமணியத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டு என்று எனக்கே கணக்கில்லை. பன்னிரண்டு இலக்க எண் அப்படி மாறாது. பிறந்த தேதியில் ஆரம்பிக்கும், நடுவில், எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்தவனுக்கு 08 வரும்.

சரி, எண் கிடைத்தது, அதை யாரிடம் கொடுப்பது? கூட்டாளி சொன்ன ஊரை வைத்து, அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டேன். ஓரிடத்தில் "இல்லை" என்றார்கள். இன்னோர் இடத்தில் "நேரில் வாருங்கள்" என்று வைத்துவிட்டார்கள். உதவியது சட்டம் தெரிந்த ஒரு வக்கீல். 2012-இல் செயல்படத் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள், தடுப்புக் காவல் மனு விசாரிக்கப்படும் கோர்ட்டுகளில் இலவசமாக ஆஜராகிறார்கள். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த அம்மா மூன்று இரவு தூங்காமல் கிடந்திருக்க மாட்டார். லாக்கப்பில் இறந்த குகனின் செய்தி வந்தது 2009-இல். அதைக் கேட்ட எந்தத் தாய்க்கும் மகன் லாக்கப்பில் இருக்கிறான் என்ற பிறகு தூக்கம் வராது.

அந்த வக்கீல் எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இன்றும் உதவுகிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இது அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு. மேலும் விசாரிக்க வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவில் ரிமாண்ட் கேட்பார்கள். 14 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றமென்றால் 7 நாள், மறுபடி 7 நாள். அதனால் பிடித்த தேதி தெரிந்தால் அடுத்து எந்த நாளில் கோர்ட்டுக்கு வருவான் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். ஆளைத் தேடி நிலையம் நிலையமாக அலைவதைவிட, அந்தக் காலையில் கோர்ட் வாசலில் நிற்பது மேல். நாங்கள் அப்படித்தான் அவனைப் பார்த்தோம். நாலாம் நாள், லாரியிலிருந்து இறங்கும்போது.

உறவினருக்குத் தகவல் சொல்லும் உரிமை கைதானவருக்கு உண்டு. அதே சட்டத்தின் 28ஏ பிரிவு அதைச் சொல்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மாவின் கைப்பேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பையன்கள் எத்தனையோ பேர். போனைப் பறிமுதல் செய்துவிட்டால் எல்லா எண்ணும் அதோடு போய்விடுகிறது.

சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம்), பொக்கா (குற்றத் தடுப்புச் சட்டம்) வழக்கென்றால் மேலே சொன்ன நாள் கணக்கு பொருந்தாது. சொஸ்மாவில் 28 நாள் வரை வைக்கலாம். பொக்காவில் 21 நாள், அப்புறம் 38 நாள் என்று போகும். அந்த மாதிரி சமயத்தில் என்னைப் போன்றவர்களை நம்பி ஒரு நாளையும் வீணாக்காதீர்கள், நேராக வக்கீலிடம் போங்கள்.

தண்டனை விழுந்த பிறகு தேடுவது கொஞ்சம் சுலபம். சிறைச்சாலை அலுவலகம் உறவுமுறையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறது. ஆனால் ஒருவரை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் வீட்டுக்குச் செய்தி தானாக வரும் என்று நம்பி உட்காராதீர்கள். எங்கள் ஊரிலிருந்து தைப்பிங் வடக்கே, தாப்பா தெற்கே. ஒரு முறை கறியும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிய ஒரு பாட்டி, வாசலில் போய் நின்ற பிறகுதான் பேரனை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். அந்தச் சோற்றையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது தனி. கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். கைதி எண்ணை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள்.

விடுதலைத் தேதியையும் நாமே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. என் மாணவனுக்கு 18 மாதம் விழுந்தது, 12 மாதத்தில் வெளியே வந்தான். தண்டனை எந்த நாளிலிருந்து என்று நீதிபதி சொல்வதைக் காதைத் தீட்டிக் கேளுங்கள். 'டாரி தாரிக் தங்காப்', அதாவது பிடித்த நாளிலிருந்து, என்ற மூன்று சொல் விழுந்தால் ரிமாண்டில் இருந்த நாளெல்லாம் கணக்கில் சேரும்.

இனி அமெரிக்கா. என் பெரியக்கா மகன் அங்கே டெக்சஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். விசா முடிந்தும் தங்கிவிட்டான். 2019-இல் பிடிபட்டான் என்று நள்ளிரவில் செய்தி வந்தது. அங்கே தேடுவது இங்கே தேடுவதற்கு நேர்மாறு. 'சிறை' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனைக்காரர்களும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலில், ஷெரிப் என்ற அதிகாரியின் கீழ். நீண்ட தண்டனைக்கு மாநிலச் சிறை. மத்தியச் சட்டக் குற்றமென்றால் மத்தியச் சிறை. குடிநுழைவுக் காவல் இவற்றில் எதிலும் சேராது. தவறான கதவைத் தட்டினால் "அப்படி ஆள் இல்லை" என்றுதான் வரும்.

கவுண்டிப் பட்டியலில் அக்கா மகன் கிடைத்தான். படம், பதிவு எண், ஜாமீன் தொகை எல்லாம் யாரும் பார்க்கலாம். ஆனால் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பாஸ்போர்ட்டில் 'இன்னாரின் மகன்' என்பதற்காகப் போடும் 'ஏ/எல்' அங்கே அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. நம்மவர்கள் அங்கே தேடும்போது அப்பா பெயரைத் தனியாக, ஏஎல் சேர்த்து, பெயரை முன்பின்னாக மாற்றி, மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

நான்காம் நாள் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது. அவனை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அக்கா சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. குடிநுழைவுத் துறையின் தேடல் பக்கத்தில் பெயரையும் பிறந்த நாட்டையும் போட்டேன். அங்கே இருந்தான். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டிய இடம் அது. வெளிநாட்டவருக்குக் குடிநுழைவுத் துறை கொடுக்கும் ஒன்பது இலக்க 'ஏ நம்பர்' கிடைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மத்தியச் சிறைப் பக்கத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 1982 முதல் இருந்தவர்களை அது காட்டும். ஆனால் 'விடுவிக்கப்பட்டார்' என்று இருந்தாலும் ஆள் வேறொரு துறையின் காவலில் இருக்கலாம்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது வைன் என்ற இலவசச் சேவை. 1993-இல் லூயிவில் நகரில் மேரி பைரன் என்ற பெண்ணை, ஜாமீனில் வந்த பழைய காதலன் அவளுடைய 21-ஆவது பிறந்தநாளில் கொன்றான். அவன் வெளியே வந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வேதனையிலிருந்து அடுத்த வருடமே பிறந்தது இது. பதிவு செய்துவிட்டால் கைதியை மாற்றினாலோ விடுவித்தாலோ செய்தி வரும். பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல, குடும்பத்தாரும் பதியலாம்.

பணம் கேட்கும் தனியார் தளங்களை விட்டுவிடுங்கள். அந்தப் பதற்றத்தில் நானும் ஒன்றில் கட்டினேன். அதே பெயரில் வேறு ஆட்களின் விவரத்தைக் கொட்டியது. பிறகு மாதாமாதம் என் கார்டில் கைவைத்தது. நிறுத்த வங்கிக்குப் போக வேண்டியிருந்தது.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு. உள்ளே இருப்பவன் எங்கே என்று பெற்றவளுக்கு உடனே தெரிய வேண்டும். வெளியே வந்தவனை ஊரே தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இரண்டும் திறந்து கிடக்கிறது. குற்றம் நிரூபணமாகாதவனின் படம்கூட வருடக்கணக்கில் இணையத்தில் சுற்றுகிறது. இங்கே இரண்டும் மூடிக் கிடக்கிறது. ஐசி எண்ணும் உறவுமுறையும் கொடுத்தால் நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லும் ஒரு தொலைபேசி எண் இந்த நாட்டில் இருந்தால் போதும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

விடுதலையானவர்களைப் பற்றி இங்கே பொதுவில் பார்க்கக் கிடைப்பது குறைவு. ஊழல் தடுப்பு ஆணையத்தின் தளத்தில் தண்டனை பெற்ற ஊழல்வாதிகளின் பட்டியல் படத்தோடு இருக்கிறது. நீதித்துறைத் தளத்தில் தீர்ப்புகளைப் படிக்கலாம், ஆனால் சின்ன கோர்ட் வழக்குகள் அதில் பெரும்பாலும் வராது. பாலர் பள்ளிக்கோ டியூஷனுக்கோ ஆள் எடுக்கிறவர்கள், சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் உண்டா என்று சமூகநலத் துறை வழியாகச் சரிபார்க்கலாம். 2019-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆசிரியையாகச் சொல்கிறேன், அதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

போன மாதம் அந்த மாணவன் வீட்டுக்கு வந்தான். இப்போது லாரி ஓட்டுகிறான், பெண் பார்க்கிறார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான். "டீச்சர், என் பேரு எதுலயாவது வருதான்னு பாருங்களேன்."

எல்லா எழுத்துக்கூட்டிலும் போட்டுப் பார்த்தேன். வழக்கு எதிலும் இல்லை. எங்கள் பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் 2009 விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்று வந்தது. நூறு மீட்டர் ஓட்டம், இரண்டாம் பரிசு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.