வெள்ளைக்கல்லுக்கு அகச்சிவப்புச் சோதனை: சேலத்து ஆய்வகம் ஒன்றில் பெற்ற அனுபவம்

சேலத்தில் சுண்ணாம்புக் கரட்டிலிருந்து எடுக்கப்படும் மேக்னசைட்டை, அதாவது மெக்னீசியம் கார்பனேட் கனிமத்தை, நாங்கள் வெள்ளைக்கல் என்றே சொல்வோம். அதை அரைத்தும் சுட்டும் விற்கும் சிறு தொழில் எங்களுடையது. சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் தூளில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) கலந்திருப்பதாகச் சொல்லி ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெளியூர் ஆய்வகம் ஒன்று கொடுத்திருந்த அகச்சிவப்பு நிறமாலைதான், அதாவது எந்தெந்த அகச்சிவப்புக் கதிரைத் தூள் உட்கவர்கிறது என்று காட்டும் வரைபடம்தான், அவர் காட்டிய ஆதாரம். அதே சாக்கிலிருந்து எடுத்த தூளையும், சூளையில் சுட்ட மாதிரி ஒன்றையும் ஓமலூர் சாலையில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய ஆய்வகத்தில் எஃப்டிஐஆர் (FTIR) எனப்படும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைக்குக் கொடுத்தேன். மாதிரி ஒன்றுக்கு 600 ரூபாய் வாங்கினார்கள்.

அங்குள்ள பெண் ஆய்வாளர் தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்த உடனேயே, “சார், இது கரடாக இருக்கிறது, இப்படியே வைத்தால் நிறமாலை பொய் சொல்லும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் கொடுத்த பணம் தகும். மேக்னசைட் படிகத்தில் மெக்னீசிய அயனிகளும் கார்பனேட் தொகுதிகளும் ஒழுங்கான அணிக்கோவையாக அமர்ந்து, இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. நேர்மின்னும் எதிர்மின்னும் எதிரெதிராக அசையும் ஓர் அதிர்வோடு அதே அதிர்வெண் கொண்ட அகச்சிவப்புக் கதிர் வந்து சேர்ந்தால், கதிரின் ஆற்றலை அந்த அதிர்வு வாங்கிக்கொள்கிறது. துகள் மிக நுண்ணியதாக இருந்தால் இது தெளிவான உட்கவர்தலாகப் பதியும். துகள் பெரிதாக இருந்தாலோ, அந்த அதிர்வெண்ணை ஒட்டிய கதிரில் பெரும்பகுதி உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதால், கோடு அகன்று ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வாடிக்கையாளர் காட்டிய தாளில் இருந்தது அப்படிச் சாய்ந்த கோடுதான். அதன் பக்கத்தில் தெரிந்த புடைப்பைத்தான் கால்சைட் என்று குறித்திருந்தார்கள்.

கதிர் இவ்வாறு திரும்பிவிடுவதைக் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. 1897-இல் இயற்பியலாளர்கள் ஹைன்ரிக் ரூபன்ஸும் எர்னஸ்ட் நிக்கல்ஸும் படிகப் பரப்புகளில் கதிரைத் திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கச் செய்து, மற்ற அலைநீளங்களெல்லாம் கழிந்துபோனபின் எஞ்சிய அகச்சிவப்பைத் தனியே பிரித்தார்கள். அந்த எஞ்சிய கதிர்களைக் கொண்டு 1900-இல் ரூபன்ஸும் குர்ல்பாவ்மும் செய்த அளவீடுகளே இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கை, சூடான பொருள்கள் உமிழும் கதிரை விளக்கும் தம் கதிர்வீச்சு விதிக்கு இட்டுச் சென்றன.

மாதிரியை உலர்த்தி, அகேட் என்ற கடினக் கல்லாலான கல்வத்தில் நெடுநேரம் அரைத்து, பொட்டாசியம் புரோமைடு தூளோடு கலந்து, ஒளி ஊடுருவும் வில்லையாக அழுத்தினார்கள். கனமான அயனிகளும் தளர்வான பிணைப்பும் கொண்ட புரோமைடின் அணிக்கோவை மிக மெதுவாக அதிர்வதால், அதன் உட்கவர்தல் கருவி பார்க்கும் எல்லைக்கு வெகு கீழே ஒதுங்கிவிடுகிறது; கல்லின் கோடுகள் மட்டும் தெரிகின்றன.

வந்த நிறமாலையில் 1450 செ.மீ.⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை; அதிர்வு வேகம் கூடினால் இதுவும் கூடும்) அருகே அகன்ற பட்டையும், 886-இலும் 748-இலும் மெல்லிய கோடுகளும் இருந்தன. கால்சைட்டில் இந்தக் கடைசிக் கோடு 712-இலும், கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டாலமைட்டில் 728-இலும் விழும். கார்பனேட் தொகுதி ஒன்றே. ஆனால் கால்சிய அயனியைவிடச் சிறியதும் எடை குறைந்ததுமான மெக்னீசியம் அணிக்கோவையை இறுக்கிப் பிடிப்பதால் அதிர்வு வேகம் கூடுகிறது. எங்கள் தூளில் 712-இல் ஒன்றுமே தென்படவில்லை. அதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுட்ட மாதிரியில் நிலைமை வேறு. கார்பனேட் கோடுகள் அடியோடு மறைந்திருந்தன, அதாவது சூளை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் 3700-ஐ ஒட்டி ஒரு கூர்மையான கோடு எழுந்திருந்தது. குறைந்த வெப்பத்தில் சுட்ட மெக்னீசியா, அதாவது சுட்டபின் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு, ஈரத்தை இழுத்து ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கியதன் அடையாளம் அது. சாக்கைத் திறந்தபடியே விட்டது எங்கள் தவறு.

குறைகளும் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடின் அணிக்கோவை அதிர்வு 400 செ.மீ.⁻¹ அருகே தொடங்க, அங்கிருந்து ஏறத்தாழ 700 வரையிலான கதிரை அது வலுவாகப் பிரதிபலிக்கிறது. இவர்களுடைய கருவியோ சரியாக 400-இல் நின்றுவிடுவதால், முக்கியமான பட்டையின் அடிப்பகுதி வெட்டுப்பட்ட நிலையில்தான் கிடைத்தது. தாளில் அச்சிட்ட வரைபடத்தைக் கொடுத்தார்களே தவிர, எண்களாகத் தரவுக் கோப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அறிக்கை கைக்கு வர ஐந்து நாள் ஆனது. லோடு திரும்பி நிற்கும்போது அது நீண்ட காலம். ஆக்சைடின் சதவீதத்தை இந்தச் சோதனையால் துல்லியமாகச் சொல்ல முடியாது, அதற்கு வேதிப் பகுப்பாய்வுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னது அவர்களுடைய நேர்மை.

கொண்டுபோகிறவர்கள் மாதிரியை இறுக மூடிய பாலித்தீன் பையில் எடுத்துச் செல்லுங்கள். தூள் எந்தச் சல்லடையில் சலித்தது என்பதையும் பையின் மேல் எழுதிக் கொடுங்கள். ஏற்காட்டுப் பக்கமிருந்து மழை இறங்கும் மாலை வேளைகளில் புரோமைடு வில்லை ஈரம் ஏறி மங்கிவிடுகிறதாம். எனவே காலையிலேயே போய்விடுவது நல்லது.